சமத்துப் பிள்ளை

1989 ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, உசிலம்பட்டிப் பக்கத்தில் அம்மாச்சியின் கிராமத்திலிருந்து என்னைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அப்போது நாலரை வயது. பஸ்ஸில் மதுரை, அங்கிருந்து இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ், விடிந்தால் எழும்பூர். அந்தப் பயணத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இன்றுவரை ஒரே வாக்கியம்தான் புழக்கத்தில் இருக்கிறது: "வழி முழுக்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவ்வளவு சமத்து."

கல்யாண வீடு, காதுகுத்து வீடு என்று எங்கே சொந்தம் கூடினாலும் யாராவது ஒருவர் இதை எடுத்துவிடுவார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். பால்குடி மாறுவதற்கு முன்பிருந்தே தூக்கி வளர்த்தவளை விட்டு வந்த குழந்தை அழவே இல்லை என்பதில் மெச்சிக்கொள்ள என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். என் மகள் பிறந்து, இரவெல்லாம் விழித்துக் கிடந்து, கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தச் சொல் நெருடியது.

அம்மாவின் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை வழக்கம்போல் ஒரு பெண்ணைக் கூண்டில் ஏற்றுவதில் போய் முடியும். அம்மா சென்னையில் தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டர். மத்திய அரசு ஊழியருக்கு அன்றைய பேறுகால விடுப்பு 90 நாள். வாரத்தில் பாதி இரவுப் பணி. அப்பாவுக்கு அம்பத்தூரில் ஷிப்ட். திருவல்லிக்கேணியில் ஒற்றை அறைப் போர்ஷன். குழந்தையை வைத்துக்கொள்ள ஆள் இல்லை, ஊரில் அம்மாச்சி இருந்தாள். அந்தக் காலத்து உத்தியோகக் குடும்பங்களில் பாதிக்கு இதுதான் ஏற்பாடு. யாரும் இதை ஒரு முடிவு என்றுகூட நினைக்கவில்லை. மழை வந்தால் குடை பிடிப்பதுபோல்.

ஊரிலுள்ள எல்லோருடைய ட்ரங்க் காலையும் இணைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாவால் என்னோடு பேச முடியாது. கிராமத்தில் இருந்த ஒரே தொலைபேசி ரைஸ் மில்லில் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை அங்கே அழைப்பு வரும். மில்லிலிருந்து ஒரு பையன் ஓடி வந்து சொல்ல, அம்மாச்சி என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடுவாள். தவிடு பறக்கும் அந்த அறையில், காதைவிடப் பெரிய கருப்பு ரிசீவரை வைத்து அழுத்துவார்கள். "பேசு கண்ணு, அம்மா பேசுகிறேன்" என்று ஒரு குரல் வரும். நான் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ரிசீவரை அம்மாச்சியிடம் நீட்டிவிடுவேனாம். பொங்கலுக்கு அம்மா நேரில் வந்தாலும் அம்மாச்சியின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். "மெட்ராஸ் அம்மா" என்றுதான் அவளுக்குப் பெயர் வைத்திருந்தேன். அம்மா இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சொல்லும்போது கை மட்டும் எதையாவது மடித்துக்கொண்டிருக்கும்.

*

தாய்க்கும் சேய்க்கும் நடுவிலான பிணைப்பைப் பற்றிப் படிக்கப் போனால் முதலில் எதிர்ப்படும் பெயர் ஜான் போல்பி. 1907இல் லண்டனில் பிறந்த ஆங்கிலேய மனநல மருத்துவர். அவருடைய கொள்கையைக் காட்டிலும் அவருடைய பிள்ளைப்பருவம்தான் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது. வசதியான குடும்பம். அந்த வர்க்கத்து வழக்கப்படி தாயைப் பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரம்போல, தேநீர் வேளைக்குப் பிறகு. குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்ததெல்லாம் மின்னி என்ற ஆயா. அவருக்கு நாலு வயதாக இருக்கும்போது மின்னி வேலையை விட்டுப் போய்விட்டாள். பாசத்தோடு வளர்த்த ஆயா நாலைந்து வயதில் பிரிந்துபோவது ஒரு குழந்தைக்குத் தாயைப் பறிகொடுப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம் என்று பின்னாளில் அவரே எழுதினார். அதைப் படித்த இரவு புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

1951இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக போல்பி எழுதிய அறிக்கைதான் இந்தத் துறைக்கு அடித்தளம். குழந்தைக்கு உணவும் சுத்தமும் மட்டும் போதாது, ஒரே ஆளோடு தொடர்ந்து நீடிக்கும் அன்பான உறவு வேண்டும் என்றது அது. அந்த ஆள் தாய், அல்லது தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவர் என்றுதான் அவர் எழுதினார். அந்த 'அல்லது'க்குப் பின்னால் இருப்பதைப் பலரும் வசதியாக மறந்துவிட்டார்கள். பெண்ணே, வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார் என்று சொல்ல ஆசைப்பட்டவர்களுக்கெல்லாம் இந்த அறிக்கை கைத்தடியாகிவிட்டது.

ஆனால் சமத்து என்ற சொல்லைப் பிரித்துக் காட்டியவர் போல்பி அல்ல, அவரோடு வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன். ஸ்காட்லாந்துக்காரர். போர்க்காலத்தில் அன்னா பிராய்டு நடத்திய குழந்தைகள் இல்லத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் ஆளாகச் சேர்ந்தவர். குழந்தைகளைக் கவனித்துப் பார்ப்பதையும், பார்த்ததை அன்றாடம் எழுதி வைப்பதையும் அங்கே கற்றுக்கொண்டார். போர் முடிந்ததும் போல்பி அவரை மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டுகளுக்கு அனுப்பினார். பெற்றோர் வாரத்துக்கு ஓரிரு மணி நேரம்தான் வந்து பார்க்கலாம் என்ற விதி பிரிட்டனில் பரவலாக இருந்த காலம். பெற்றோர் வந்தால் குழந்தைகள் அழுகின்றன, வராவிட்டால் இரண்டொரு நாளில் அடங்கிவிடுகின்றன, அதனால் வராமல் இருப்பதே நல்லது என்பது வார்டுக்காரர்களின் வாதம். கேட்டால் நியாயமாகத்தான் படும்.

ராபர்ட்சன் பார்த்தது வேறு. குழந்தை முதலில் கத்தி அழுகிறது. பிறகு சோர்ந்து சுருண்டுகொள்கிறது. அதற்கும் பிறகு ஒரு கட்டம் வருகிறது. எல்லோரையும் பார்த்துச் சிரிக்கும், ஊட்டினால் சாப்பிடும், யாரிடமும் போகும், அம்மா வந்தால் மட்டும் அடையாளம் தெரியாததுபோல் இருக்கும். வார்டில் இந்தக் கட்டத்துக்குப் பெயர் 'பழகிவிட்டது'. ராபர்ட்சனின் கணக்கில் மூன்றிலும் மோசமானது இதுதான்.

சொன்னால் யாரும் நம்பவில்லை. அதனால் ஒரு கைக் கேமராவை வாங்கினார். வார்டில் சேரக் காத்திருந்த குழந்தைகளின் பட்டியலிலிருந்து, இன்னார் என்று பாராமல் ஒரு பெயரை எடுத்தார். லாரா, வயது இரண்டு வருடம் ஐந்து மாதம், குடலிறக்கத்துக்குச் சிறிய அறுவைச் சிகிச்சை, எட்டு நாள் தங்கல். வேண்டிய காட்சியை மட்டும் வெட்டி ஒட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, தினமும் ஒரே நேரத்தில், சுவர்க்கடிகாரம் தெரியும்படி எடுத்தார். 1952இல் வெளிவந்த அந்தப் படத்தின் வலிமை என்னவென்றால், லாரா அதிகம் அழவில்லை. தன் கரடிப் பொம்மையையும் போர்வையையும் இறுக்கிக்கொண்டு, முகத்தை அடக்கிக்கொண்டு, நடுநடுவே அம்மா வேண்டும் என்று ஏதோ தகவல் சொல்வதுபோல் சொல்கிறாள். எட்டாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது தன் சாமான் ஒன்றுவிடாமல் பொறுக்கிக்கொள்கிறாள். அம்மாவின் கையை மட்டும் பிடிக்க மறுக்கிறாள்.

மருத்துவர்களும் செவிலியர்களும் படத்தைப் பார்த்துக் கொதித்தார்கள், தங்கள் வார்டை அவமானப்படுத்திவிட்டார் என்று. ஆனால் பார்த்ததைப் பார்க்காததாக ஆக்க முடியாது. பிரிட்டிஷ் அரசு அமைத்த பிளாட் குழு 1959இல், பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து குழந்தையைப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பிறகும் எல்லா வார்டுக் கதவுகளும் திறக்க வருடக்கணக்காயிற்று.

*

என்னுடைய லாராப் போர்வை ஒரு புடவை. அரக்கு நிறம், ஓரத்தில் மஞ்சள் கட்டம், அம்மாச்சி கட்டிக் கட்டிப் பஞ்சாகிப்போன சுங்குடி. சென்னைக்குக் கிளம்பும்போது துணிப்பையின் அடியில் அம்மாச்சி அதை மடித்து வைத்திருந்தாள். வெற்றிலையும் விறகடுப்புப் புகையும் கன்றுக்குட்டியும் கலந்த வாசனை அதில் இருந்தது. ராத்திரியில் அதைத்தான் முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு தூங்குவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அதைச் சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டாள். சாயங்காலம் அதை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பவும் கொடியிலேயே போட்டுவிட்டேன் என்று நினைவு. அன்றைக்கும் அழவில்லை. சமத்து.

ராபர்ட்சனும் அவர் மனைவி ஜாய்ஸும் பின்னால் எடுத்த படங்களில் ஜான் என்ற குழந்தையின் படம் ஒன்று உண்டு. பதினேழு மாதக் குழந்தை. தாய் இரண்டாவது பிரசவத்துக்குப் போக, ஒன்பது நாள் குழந்தைகள் இல்லத்தில் விடப்பட்டான். நல்ல இல்லம்தான், அன்பான பெண்கள்தான். ஆனால் ஷிப்டுக்கு ஒருவர். இவரிடம் போனால் அவர் போய்விடுவார், புதிதாக இன்னொருவர் வருவார். ஒவ்வொருவரிடமும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு, கடைசியில் தன்னைவிடப் பெரிய ஒரு பொம்மைக் கரடியின்மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தான். ஒன்பதாம் நாள் தாய் வந்து தூக்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டான்.

இதே வயதையொட்டிய வேறு நாலு குழந்தைகளை, இதே காரணத்துக்காகப் பெற்றோரைப் பிரிந்தவர்களை, ராபர்ட்சன் தம்பதி தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். முன்கூட்டியே குழந்தையை அந்த வீட்டுக்கு வரவழைத்துப் பழக்கினார்கள். அவர்களுடைய போர்வையும் பொம்மையும் கூடவே வந்தன. அம்மாவின் புகைப்படம் இருந்தது, அம்மாவைப் பற்றிப் பேச்சு இருந்தது. அந்தக் குழந்தைகளும் ஏங்கின, சிடுசிடுத்தன, ஆனால் ஜானைப்போல் இடிந்துபோகவில்லை. பிரிவு என்னவோ ஒன்றுதான். போகிற இடத்தில் நிலையாக ஓர் ஆள் இருப்பதும், விட்டு வந்தவரின் பேச்சை அங்கே எடுக்க முடிவதும்தான் வித்தியாசம்.

எங்கள் வீட்டில் அம்மாச்சியின் பேச்சை எடுக்க மாட்டார்கள். எடுத்தால் குழந்தை ஏங்கிவிடுமாம்.

*

நம் பக்கத்தில் பால் மறக்கடிப்பது என்று ஒன்று உண்டு. வேப்பங்கொழுந்தை அரைத்து மார்பில் தடவுவார்கள். அதற்கும் மசியாத பிள்ளையை நாலு நாள் பாட்டி வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். உகாண்டாவில் கண்டா மக்களிடமும் இதே வழக்கம் இருந்தது என்று தெரிந்துகொண்டபோது எனக்கு ஏதோ சொந்தக்காரர்களைக் கண்டதுபோல் இருந்தது. 1954இல் மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் கம்பாலாவுக்குப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனது இதைப் பார்க்கத்தான். தாயிடமிருந்து பிரித்து பால் மறக்கடிக்கும்போது குழந்தை என்ன ஆகிறது என்று அறிய நினைத்தார். போய்ப் பார்த்தால் பெரும்பாலான வீடுகளில் அந்த வழக்கம் நின்றுபோயிருந்தது. வந்தது வந்தோம் என்று, 26 வீடுகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாதக்கணக்கில் போய் உட்கார்ந்து, குழந்தையும் தாயும் சும்மா இருப்பதைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். இந்தத் துறையின் பெரும் கண்டுபிடிப்புகளில் ஒன்று இப்படி, திட்டம் கெட்டுப்போனதால் வந்தது.

அவர் கவனித்ததில் எனக்குப் பிடித்தது இது: எந்தத் தாய் தன் குழந்தையைப் பற்றி வாய் ஓயாமல் சின்னச் சின்ன விவரம் சொன்னாளோ, அவளுடைய குழந்தையே தெம்பாக இருந்தது. இப்படிப் படுத்தால்தான் தூங்குவான், அந்தச் சத்தத்துக்குச் சிரிப்பான் என்கிற மாதிரியான விவரங்கள். எவ்வளவு நேரம் கூட இருந்தாள் என்பதைவிட, எவ்வளவு கண்டுகொண்டாள் என்பது. தாயைத் தவிர வீட்டில் வேறு சிலரோடும் குழந்தைகள் ஒட்டிக்கொண்டிருந்ததையும் அவர் எழுதி வைத்தார். அம்மாச்சி எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் நான் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் காதுவலி என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிவாளாம்.

பிறகு அமெரிக்காவில் பால்டிமோரில் ஐன்ஸ்வொர்த் அமைத்த சோதனை பிரபலமானது. ஒரு வயதுக் குழந்தையும் தாயும் பொம்மைகள் கிடக்கும் ஓர் அறையில் இருக்கிறார்கள். அறிமுகமில்லாத ஒருவர் வருகிறார். தாய் சில நிமிடம் வெளியே போய்விட்டுத் திரும்புகிறாள். மொத்தமே இருபது நிமிடம். போகும்போது குழந்தை அழுகிறதா என்பது முக்கியமில்லை, திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்பதே கேள்வி. பெரும்பாலான குழந்தைகள் தாயிடம் போய் ஒட்டி, கொஞ்சம் ஆறி, மறுபடி பொம்மைக்குப் போய்விடுகின்றன. சில குழந்தைகள் ஒட்டவும் செய்கின்றன, உதைக்கவும் செய்கின்றன, ஆறுவதில்லை. இன்னும் சில, தாய் போனாலும் வந்தாலும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பொம்மையை உருட்டிக்கொண்டிருக்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு இவைதான் எல்லாவற்றிலும் சமத்து. 1970களில் ஆய்வாளர்கள் இந்தக் குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்து பார்த்தார்கள். உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

(பாட்டி, அத்தை, எதிர்வீட்டு அக்கா என்று ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டே திரியும் நம் குழந்தைகளிடம் இந்தச் சோதனை எவ்வளவு சரிவரும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஜப்பானியக் குழந்தைகளைப் பற்றியும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. தாயை விட்டுத் தனியே இருந்தே பழகாத குழந்தைக்கு அந்தச் சில நிமிடம் ஒரு யுகம்.)

*

நான் எழும்பூரில் வந்து இறங்கிய அதே 1989இன் டிசம்பரில் ருமேனியாவில் சௌஷெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தது. நாட்டின் மக்கள்தொகையைப் பெருக்கவேண்டும் என்று 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தவர் அவர். வளர்க்க வழியில்லாமல் பெற்றவர்கள் அரசு இல்லங்களில் விட்ட குழந்தைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் பலரும் திரும்பத் திரும்பச் சொன்னது அந்த அமைதியைப் பற்றி. வரிசை வரிசையாகத் தொட்டில்கள், தொட்டில் நிறையக் குழந்தைகள், அழுகைச் சத்தமே இல்லை. அழுதால் ஆள் வரும் என்று தெரிந்த குழந்தைதான் அழும்.

2000இல் அமெரிக்க ஆய்வாளர்கள் புக்கரெஸ்டில் தொடங்கிய ஆய்வு இந்த விஷயத்தில் மிகக் கறாரானது. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகள், ஆறு மாதம் முதல் இரண்டரை வயதுவரை. சீட்டுக் குலுக்குவதுபோல் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். அந்த ஊரில் அப்படிப்பட்ட குடும்பங்களே கிட்டத்தட்ட இல்லாததால், ஆய்வாளர்களே ஆள் தேடிப் பழக்க வேண்டியிருந்தது. மூளையின் மின் அலைகள், பேச்சு, அறிவுத்திறன், ஒட்டுதல் என்று வருடக்கணக்கில் அளந்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் மேலே வந்தார்கள். அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் பல அளவுகளில் நன்றாகவே தேறினார்கள். தாமதித்துப் போனவர்களுக்கு அந்த அளவுக்குப் பிடிபடவில்லை.

இதைப் படித்துவிட்டு இரண்டு வயதோடு எல்லாம் முடிந்தது என்று அடித்துச் சொல்லும் காணொளிகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். யாருமே இல்லாமல் கிடந்த குழந்தைகளின் கணக்கை, பாட்டி வீட்டில் செல்லமாக வளர்ந்த என் தலையில் கட்ட முடியாது. எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் தாய் குழந்தை விளையாட்டைப் படம்பிடித்து நொடி நொடியாகப் பார்த்திருக்கிறார். நன்றாக இருக்கும் தாயும் குழந்தையும்கூட இசைந்து இருப்பது பத்தில் மூன்று பங்கு நேரம்தான். மீதி நேரமெல்லாம் பிசகும், பிசகைச் சரிசெய்வதும். குழந்தை ஒன்றை நினைக்கும், தாய் ஒன்றைச் செய்வாள், குழந்தை சிணுங்கும், அவள் மாற்றிச் செய்வாள். அந்தச் சரிசெய்தலில்தான் குழந்தை வளர்கிறது. மகளுக்கு மூன்று மாதமாக இருந்த நேரத்தில் இது என் கண்ணில் பட்டது. அன்றைக்கு நான் கொஞ்சம் தூங்கினேன்.

*

என் மகளை முதல் பதினாலு மாதம் வளர்த்தது என் அம்மா. ஓய்வு பெற்றுவிட்டாள், எங்களோடு வந்து இருந்தாள். எனக்குச் செய்ய முடியாததையெல்லாம் பேத்திக்குச் செய்தாள் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் முகத்தில் அப்படி எந்தக் கணக்கும் தெரியவில்லை. தூளியை ஆட்டிக்கொண்டே சீரியல் பார்ப்பாள். பிறகு அப்பாவுக்குக் காலில் எலும்பு முறிந்தது. அம்மா திரும்பிப் போகவேண்டியதாயிற்று. பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைக் காப்பகத்தைப் பார்த்தோம். அங்கே இருந்த அம்மாள் சொன்னார்: "விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போங்கள். மூன்றே நாளில் அடங்கிவிடும்." ராபர்ட்சனின் வார்டிலிருந்து நேரே வந்த குரல்போல் இருந்தது. அடுத்த காப்பகத்தில், முதல் வாரம் நான் கூடவே உட்கார்ந்திருக்க விட்டார்கள். முக்காலியில் உட்கார்ந்து முட்டி வலித்தது. அலுவலகத்தில் எட்டு நாள் சம்பளம் போயிற்று. நான் வெளியே கிளம்பிய முதல் நாள் அவள் தெருமுனைவரை கேட்கும்படி அழுதாள். அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின இரவு இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். நான் எதையும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"அந்தச் சுங்குடியை நான் வேண்டுமென்றேதான் ஊறவைத்தேன்."

"எதை?"

"அம்மாச்சி புடவை. நீ என் பக்கத்தில் படுத்துக்கொண்டு எங்கள் அம்மாவை மோந்துகொண்டிருந்தாய். எத்தனை ராத்திரிதான் பார்ப்பது?"

என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாலரை வருடம் ஒரு குழந்தைக்காகக் காத்திருந்தவள், அந்தக் குழந்தை வீட்டுக்கு வந்தும் வராமல் கிடந்ததை வேறு எப்படித்தான் பொறுத்துக்கொள்வாள்? "அழுதிருந்தால் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். நீதான் அழவே மாட்டாயே" என்றாள். பிறகு தன்னுடைய பழைய நூல்புடவை ஒன்றை, கட்டி அவிழ்த்ததை, துவைக்காமல் அப்படியே சுருட்டி ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "குழந்தை தேடினால் கொடு. துவைத்துவிடாதே."

மறுநாள் இரவு மகள் வீடு முழுக்கத் தேடினாள். தூளிக்குப் பக்கத்தில் போய் நின்றாள், குளியலறைக் கதவைத் தட்டினாள். நான் புடவையை எடுத்துவந்து அவள் கன்னத்தில் வைத்தேன். நல்லெண்ணெயும் விக்ஸும் மணத்தது, எனக்குத் தொண்டையை அடைத்தது. அவளோ அதைக் காலால் தள்ளிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய், பாட்டி மறந்து வைத்துவிட்டுப் போயிருந்த காலிக் கண்ணாடிக் கூட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். அதைத் திறந்தாள், மூடினாள். டக். திறந்தாள், மூடினாள். டக். தூங்கும்வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.